கோபுர்க் சதுக்கத்துச் சிற்றுண்டிக் கடை

தறியை நிறுத்திவிட்டு நூல் வாங்கச் சங்கத்துக்கு வருகிற நெசவாளருக்கும், மஞ்சளையோ நிலக்கடலையையோ வண்டியில் ஏற்றிக்கொண்டு விற்பனைக் கூடத்துக்கு வருகிற விவசாயிக்கும் பொதுவான ஒரு தேவை உண்டு. வந்த வேலை முடிவதற்குள் பசி வந்துவிடுகிறது. வீடு தொலைவில் இருக்கிறது. பெரிய ஓட்டலில் அமர்ந்து உண்ண நேரமும் இல்லை. அதற்கென்று ஒதுக்கிய பணமும் இல்லை. அவ்வேளையில் அவருக்குத் துணையாக நிற்பது வீதியோரத்துச் சிற்றுண்டிக் கடையே. அக்கடையை நடத்துகிறவரும் நம்மைப் போலவே சிறு முதலுடன் உழைத்துப் பிழைப்பவர்.

இத்தேவை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத் தொழிலில் பெயர் பெற்ற ஜெர்மனியிலும், சிறு நகரங்களின் சந்தைச் சதுக்கங்களில் நின்றபடியே உண்டு செல்லும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது. பெரிய முதலாளிகளும் சங்கிலிக் கடைகளும் நிறைந்த அந்நாட்டில், ஓராள் நிற்கும் அளவே உள்ள இச்சிறு கடை எவ்வாறு பிழைத்து வருகிறது? அதைத் தாங்குகிறவர்கள் யார்? கூட்டுறவு அங்கத்தினர்களாகிய நாம் இக்கேள்வியைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும்.

இம்பிஸ் என்னும் கடை

ஜெர்மானியர் இத்தகைய கடையை ‘இம்பிஸ்’ என்று அழைக்கின்றனர். ‘கடித்தல்’ என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். ஒரு கடி கடித்துப் பசியாறிச் செல்லும் இடம் என்று நாம் பொருள் கொள்ளலாம். சக்கரம் பூட்டிய வண்டியாகவோ, மரத்தாலான சிறு கூண்டாகவோ, ரயில் நிலையத்தின் அருகே ஒரு சாளரமாகவோ அது இருக்கும். எதிரே மார்பளவு உயரமுள்ள இரண்டொரு மேசைகள் போடப்பட்டிருக்கும். நாற்காலி பெரும்பாலும் இராது.

நாற்காலி இல்லாமைக்கு இடநெருக்கடி மட்டுமே காரணம் அன்று. வரிச் சட்டமும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. கடையில் உட்காரவைத்துப் பரிமாறினால் அது சேவை எனக் கருதப்பட்டு 19 சதவிகித விற்பனை வரிக்கு உட்பட்டது. கையில் கொடுத்து அனுப்பினாலோ, நின்று உண்ண ஒரு பலகை மட்டும் வைத்திருந்தாலோ அது வெறும் உணவு விற்பனையாகக் கருதப்பட்டு 7 சதவிகித வரியே விதிக்கப்பட்டது. நின்று உண்ணும் பலகை வைத்திருப்பதனால் மட்டும் ஒரு கடை உணவு விடுதி ஆகிவிடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ம் ஆண்டில் தீர்ப்புக் கூறியது. 2020-ம் ஆண்டின் நடுவிலிருந்து 2023-ம் ஆண்டு முடிய, கொள்ளைநோய்க் காலச் சலுகையாக இந்த வேற்றுமை நீக்கப்பட்டு, பின்னர் மீண்டும் வந்தது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரு வகை உணவுக்கும் 7 சதவிகிதமே வரி. நாற்காலி போடுவதா வேண்டாமா என்பதைக்கூடச் சட்டம் தீர்மானிக்கும் நாட்டில் சிறு வியாபாரி எவ்வளவு கணக்குடன் நடக்கவேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்து நாம் அறியலாம்.

வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. பொது வீதியில் கடை போட நகராட்சியின் தனி அனுமதி வேண்டும். உணவைக் கையாளும் வேலைக்கு முதன்முறையாக வருகிற எவரும், தொற்று நோய்த் தடுப்புப் பற்றிச் சுகாதார அலுவலகத்தின் வாயிலாக அறிவுரை பெற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகே வேலை தொடங்கலாம். அக்கடை சிறியது என்பதற்காகச் சுத்தத்தில் சலுகை கிடையாது.

பைன் காய் நெருப்பு

எடுத்துக்காட்டாகக் கோபுர்க் என்னும் ஊரைக் காண்போம். பவேரியா மாநிலத்தின் வடகோடியில், துரிங்கியா மாநிலத்தின் எல்லையை ஒட்டி உள்ள ஊர் இது. மக்கள் தொகை சுமார் 40 ஆயிரம்தான். முன்னாளில் தனிச் சிற்றரசாக இருந்து, மக்களின் வாக்கெடுப்புக்குப் பின் 1920-ம் ஆண்டில் பவேரியாவுடன் இணைந்தது. விக்டோரியா மகாராணியின் கணவரான ஆல்பர்ட் இளவரசர் இவ்வூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய சிலை இன்றும் சந்தைச் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது.

அரசர்களின் பெருமையைக் காட்டிலும் அச்சதுக்கத்துக்கு உயிர் கொடுப்பது அங்கு எழும் ஒரு வகைப் புகையே. கோபுர்க் தொத்திறைச்சியை வாட்டுவதற்கு, கரிக்குப் பதிலாகப் பைன் மரத்தின் உலர்ந்த காய்களை எரிக்கிறார்கள். கொடைக்கானல் மலையில் பைன் காட்டுக்குள் நடந்தவர்கள் காலடியில் செதில் செதிலான அக்காய்களைப் பார்த்திருப்பார்கள். அவை எளிதில் தீப்பற்றும். அவற்றிலுள்ள பிசின் புகைக்கு ஒரு மணத்தைத் தரும். அந்த மணந்தான் அவ்வூர்ப் பண்டத்தின் அடையாளம். காட்டில் வீணே உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி உலர்த்தி எரிபொருளாக்கிய பழைய சிக்கனமே நாளடைவில் ஊரின் கீர்த்தியாயிற்று.

பண்டம் செய்யும் முறையும் எளியது. கரகரப்பாக அரைத்த பன்றி இறைச்சியுடன் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குக் குறையாமல் மாட்டிறைச்சியோ கன்றின் இறைச்சியோ சேர்ப்பார்கள். பச்சை முட்டையை விட்டுப் பிசைந்து கட்டுவார்கள். உப்பு, மிளகு, ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றால் மணமூட்டி மெல்லிய குடலில் அடைப்பார்கள். வெந்ததும் அதை ஒரு சிறு ரொட்டியில் செருகிக் கையில் கொடுப்பார்கள். விரும்பினால் கடுகு விழுது தடவிக்கொள்ளலாம். தொத்திறைச்சி ரொட்டியின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். ரொட்டியே இலை, உண்டு முடித்தபின் எஞ்சுவது ஒரு காகிதத் துண்டு மட்டுமே.

எறிந்துவிடும் தட்டுகளும் கோப்பைகளும் அந்நாட்டு நகராட்சிகளுக்குப் பெருந்தொல்லையாக வளர்ந்திருப்பதால் இது சிறு விஷயமன்று. பிளாஸ்டிக் கரண்டி, தட்டு முதலியவற்றை 2021 ஜூலை மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. தென் ஜெர்மனியில் உள்ள டூபிங்கன் நகராட்சி, ஒருமுறை மட்டும் பயன்படும் தட்டு அல்லது கோப்பை ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட் வரி என்று 2022-ம் ஆண்டு முதல் விதித்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. வரி செல்லும் என்ற தீர்ப்பு 2025 ஜனவரியில் வெளியாயிற்று. வாழையிலையும் மந்தாரை இலையும் மலிந்த நம் நாட்டில் பிளாஸ்டிக் தாளில் இட்லியைச் சுற்றிக் கொடுப்பது முறையா என்று நாம் நினைத்துப் பார்க்க இதுவும் ஒரு தூண்டுதல். வாழை பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இதில் நேரான லாபமும் இருக்கிறது.

அளவும் பெயரும்

கோபுர்க் தொத்திறைச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1498-ம் ஆண்டில் அவ்வூர் தர்ம விடுதியின் உணவுப் பட்டியலிலேயே அதைப் பற்றிய குறிப்பு வருகிறது. நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் மாரிஷியஸ் என்ற புனிதரின் சிலை கையில் ஒரு கோல் வைத்திருக்கிறது. அந்தக் கோலின் நீளமே தொத்திறைச்சியின் நீளம் என்று ஊரார் சொல்லிவருகின்றனர். வேகுமுன் அது 31 சென்டிமீட்டர் இருக்கவேண்டும் என்பது மரபு. அதனால் அப்புனிதரைத் ‘தொத்திறைச்சிக்காரர்’ என்றே செல்லமாக அழைக்கிறார்கள். கதை உண்மையோ அன்றோ, அதன் கருத்து தெளிவானது. வாங்குகிறவன் தலை நிமிர்ந்தால் அளவுகோல் அவன் கண்ணுக்குத் தெரியவேண்டும். விற்கிறவனுக்கும் அது எப்போதும் நினைவில் நிற்கவேண்டும்.

அண்டையிலுள்ள துரிங்கியாவில் இவ்வுணர்வு எழுத்து வடிவம் பெற்றது. வைமார் நகரத்து இறைச்சித் தொழிலாளர் குழுவினர் 1432-ம் ஆண்டில் தங்களுக்குத் தாங்களே ஒரு விதி செய்துகொண்டனர். தொத்திறைச்சியில் கெட்டுப்போகாத தூய இறைச்சியே சேர்க்கவேண்டும், மீறினால் 24 பெனிக் அபராதம் என்பது அவ்விதி. தொழில் செய்கிறவர்களே ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு இது. ஒருவன் செய்யும் கலப்படம் ஊரார் அனைவருடைய சரக்கையும் கெடுக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இக்காலத்தில் அவ்விதி வேறு உருவில் தொடர்கிறது. கோபுர்க்குக்குத் தெற்கே உள்ள நூரென்பெர்க் நகரத்தின் தொத்திறைச்சி விரலளவே ஆனது. ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் நீளமும், 20 முதல் 25 கிராம் எடையும் உள்ளது. அந்நகர எல்லைக்குள், குறிப்பிட்ட முறைப்படி செய்யப்பட்டால் ஒழிய அப்பெயரில் விற்கலாகாது என்று 2003-ம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் பாதுகாப்பு அளித்தது. அதே ஆண்டில்தான் நம் நாட்டிலும் புவிசார் குறியீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் காஞ்சிபுரம் பட்டும், பவானி ஜமக்காளமும், மதுரை மல்லியும், ஈரோடு மஞ்சளும் பெயர்ப் பாதுகாப்புப் பெற்றிருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

பெயரைப் பதிவு செய்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. பதிவுப் பத்திரம் அலமாரியில் இருக்க, விசைத்தறியில் ஓடிய துணி கைத்தறி என்ற பெயரில் கடைவீதியில் விற்கப்பட்டால் பதிவினால் யாருக்கு என்ன பயன்? நூரென்பெர்க்கில் நீளமும் எடையும் எவரும் அளந்து பார்க்கக்கூடியவை. நம் சேலையிலும் கவுண்ட், அகலம், ஜரிகையின் தரம் ஆகியவை வாங்குகிறவர் படித்து அறியும்படி எழுதப்பட்டிருந்தால்தான் பெயருக்குப் பொருள் உண்டு. அளவு இல்லாத பெயர் வெறும் புகழுரையாகவே முடியும்.

கறி சென்ற வழி

ஜெர்மன் சிற்றுண்டிக் கடைகளில் நமக்கு உரிய ஒரு சொல்லும் வழங்குகிறது. பெர்லின் நகரின் ஷார்லோட்டன்புர்க் பகுதியில் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற பெண்மணி 1949 செப்டம்பர் 4-ம் தேதியன்று, வாட்டிய தொத்திறைச்சியின்மேல் தக்காளிச் சாறும் கறிப்பொடியும் கலந்த ஒரு குழம்பை ஊற்றி விற்கத் தொடங்கினார் என்பது அந்நகரத்து வரலாறு. யுத்தத்தினால் இடிந்து கிடந்த நகரம் அது. நல்ல இறைச்சி கிடைப்பது அரிது. கட்டிட வேலை செய்வோருக்கோ பசி அதிகம். மலிவான பண்டத்துக்கு மசாலா சுவையூட்டியது. ‘கரிவூர்ஸ்ட்’ என்று பெயர் பெற்ற அப்பண்டம் இன்று அந்நாட்டின் மூலை முடுக்கெங்கும் கிடைக்கிறது. ‘கறி’ என்னும் தமிழ்ச் சொல் ஆங்கிலேயரின் நாவில் ஏறி, பொடியாகி, பெர்லின் வரை சென்று ஓர் எளிய பெண்மணியின் வண்டிக்கு வாழ்வளித்திருக்கிறது.

அந்த அம்மையார் தம் குழம்பைச் செய்யும் முறையை எவருக்கும் சொல்லவில்லை. அதன் பெயரை மட்டும் 1959-ம் ஆண்டில் வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். ஆயினும் கரிவூர்ஸ்ட் என்னும் பண்டத்தை நாடு முழுவதும் எவர் வேண்டுமானாலும் செய்து விற்கலாயினர். தனியொருவர் காத்த ரகசியம் அவர் ஒருவரோடு நின்றது. வைமார் நகரத்தார் ஊர் கூடிச் செய்த விதியின் கருத்தோ இன்றுவரை நிற்கிறது.

துருக்கித் தொழிலாளரின் கடை

இன்று ஒரு சிறு ஜெர்மன் நகரத்தின் ரயில் நிலையத்தருகே நாம் இறங்கினால், முதலில் கண்ணில் படுவது தொத்திறைச்சிக் கடையாக இராது. டோனர் கடையாகவே இருக்கக்கூடும். செங்குத்தான கம்பியில் செருகிய இறைச்சி நெருப்பின் எதிரே சுழல, வெந்த பாகத்தை மெல்லச் சீவி, கோஸும் வெங்காயமும் தக்காளியும் சேர்த்துத் தட்டை ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் துருக்கி நாட்டுப் பண்டம் அது.

இதன் வரலாறு உழைப்பாளரின் வரலாறு. தொழிற்சாலைகளில் ஆள் போதாமையால் 1961 அக்டோபர் 30-ம் தேதியன்று மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. லட்சக்கணக்கானோர் சுரங்கங்களுக்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் வேலைக்கு வந்தனர். 1973-ம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. வேலை இழந்தோரில் பலர், ஊர் திரும்புவதற்குப் பதிலாகக் கையிருப்பைக் கொண்டு சிறு கடைகளைத் திறந்தனர். தட்டில் வைத்து உண்ட பண்டத்தை ரொட்டிக்குள் வைத்து, நடந்துகொண்டே உண்ணும்படி செய்தவர் எவர் என்பதில் வழக்கு உண்டு. 1972-ம் ஆண்டில் பெர்லினில் அவ்வாறு விற்ற காதிர் நூர்மான் என்பவரைப் பலரும் குறிப்பிடுகின்றனர்.

டோனருக்கும் அளவு உண்டு. மாடு, கன்று, ஆடு ஆகியவற்றின் இறைச்சியே சேரலாம். கொத்திய இறைச்சி 60 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது. கோழி இறைச்சியானால் பெயரிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஜெர்மன் உணவு நெறி. எனினும் இத்தொழிலில் ஒரு பலவீனம் இருக்கிறது. கம்பியில் செருகிய இறைச்சியைப் பெரும்பாலான கடைக்காரர்கள் தாமே தயார் செய்வதில்லை. பெரிய தொழிற்சாலைகள் அடுக்கி உறையவைத்து அனுப்புகின்றன. விலையை நிர்ணயிப்பது தொழிற்சாலை. வாங்குகிறவரின் முணுமுணுப்பைக் கேட்பது கடைக்காரர். 2025-ம் ஆண்டில் மூர் என்னும் சிற்றூரில் உள்ள அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் தொழிலாளர் கூலி ஒப்பந்தம் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது, டோனருக்குத் தட்டுப்பாடு வருமோ என்று பத்திரிகைகள் எழுதின.

இறைச்சி, மின்சாரம், வாடகை, கூலி எல்லாம் ஏறியதால் டோனரின் விலையும் ஏறியது. அது எளியோரின் உணவாதலால் அரசியல் பிரச்சினையே ஆகிவிட்டது. 2024-ம் ஆண்டில் இடதுசாரிக் கட்சி, டோனரின் விலை 4 யூரோ 90 சென்ட்டுக்கு மேற்படாமல் சர்க்கார் தடுக்கவேண்டும் என்று கோரியது. சர்க்கார் அதை ஏற்கவில்லை. உண்கிறவர் விலை உயர்ந்தது என்கிறார். விற்கிறவர் மிச்சம் இல்லை என்கிறார். இருவரும் சொல்வது உண்மையே. நூல் விலை ஏறி, சேலை விலை ஏறாத நாட்களில் நம் நெசவாளர் படும் பாட்டுக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை.

கடைக்குப் பின்னால் நிற்பவர்கள்

இங்கேதான் கூட்டுறவின் பங்கு தெளிவாகிறது. இந்தச் சிற்றுண்டிகளில் எதுவும் ரொட்டி இல்லாமல் நடவாது. ஜெர்மனியில் ரொட்டி சுடும் சிறு தொழிலாளர்கள் மாவு, ஈஸ்ட், அடுப்பு, கருவிகள் முதலியவற்றைத் தனித்தனியே மில்காரரிடம் சென்று வாங்குவதில்லை. ‘பேக்கோ’ என்ற பெயரில் அவர்களே அங்கத்தினர்களாகச் சேர்ந்து நடத்தும் கொள்முதல் கூட்டுறவுகள் உள்ளன. இறைச்சித் தொழிலாளருக்கும் அத்தகைய கொள்முதல் கூட்டுறவுகள் உண்டு. முன்பணம் வேண்டுமானால் மக்கள் வங்கி, ரைபைசன் வங்கி என்னும் கூட்டுறவு வங்கிகள் இருக்கின்றன. இவ்வங்கிகளின் அங்கத்தினர் தொகை ஒரு கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்டது. வெளிப்பார்வைக்குச் சதுக்கத்தில் ஒருவர் தனியே நிற்கிறார். அவர் கையிலுள்ள ரொட்டிக்குப் பின்னால் ஒரு கூட்டமே நிற்கிறது.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. சாக்ஸனியில் உள்ள டெலிட்ஸ் என்ற சிற்றூரில் 1849-ம் ஆண்டில் செருப்புத் தைப்போர் பலர் தோலைச் சில்லறையாக வாங்கி, வியாபாரியின் கடனில் மூழ்கிக்கிடந்தனர். அவ்வூரினரான ஹெர்மன் ஷூல்ட்ஸ அவர்களைச் சேர்த்துத் தோலை மொத்தமாக வாங்கச் செய்தார். நம் நெசவாளர் சங்கங்கள் நூலை மொத்தமாக வாங்கி அங்கத்தினர்களுக்குக் கொடுப்பதற்கு இதுவே முன்மாதிரி.

அதற்கும் சற்று முன்பு, 1846-47-ம் ஆண்டுக் குளிர்காலத்தில், வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் உருளைக்கிழங்கும் தானியமும் விளையாமல் பஞ்சம் வந்தது. வையர்புஷ் என்னும் சிறு ஊரின் இளம் மேயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன். சர்க்கார் அனுப்பிய தானியத்தை ரொக்கம் கொடுப்போருக்கே தரவேண்டும் என்பது உத்தரவு. பசித்தவரிடம் ரொக்கம் ஏது? அவர் வசதியுள்ளவர்களைப் பணம் போடச் செய்து ‘ரொட்டிச் சங்கம்’ ஒன்றை ஏற்படுத்தினார். பொது அடுப்பு ஒன்றைக் கட்டினார். ரொட்டியைக் குறைந்த விலைக்கு, கடனாகவும் கொடுத்தார். ஊரில் ரொட்டி விலையே இறங்கிற்று. பின்னாளில் அவர் தர்மப் பணத்தை நம்பாமல், உதவி பெறுவோரே பொறுப்பேற்கும் நாணய சங்கங்களை அமைத்தார். 1864-ம் ஆண்டில் ஹெட்டஸ்டார்ப் என்ற ஊரில் நிறுவிய கடன் சங்கம் அவ்வகையினது.

அந்த அடுப்பின் கனல் நம் மாகாணம் வரை வந்தது. சென்னை சர்க்கார் அனுப்பிய சர் பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பாவின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் தம் அறிக்கையை இரு பகுதிகளாக வெளியிட்டார். ரைபைசனைப் போன்றவரைக் கண்டுபிடியுங்கள் என்பதே அவருடைய முடிவின் சாரம். 1904-ம் ஆண்டில் கூட்டுறவு நாணய சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் நம் மாகாணத்தின் முதற் சங்கம் பதிவாயிற்று. நாம் இன்று கட்டும் பங்குத்தொகைக்கும் வையர்புஷ் ரொட்டிக்கும் உறவு இருக்கிறது.

கூட்டுறவு தரக்கூடியதும் தரமுடியாததும்

இவ்வளவு பலம் இருந்தும் அங்கு எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று நாம் எண்ணிவிடலாகாது. 1950-க்களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட ரொட்டித் தொழிற்கடைகள் இருந்தன. இன்று இணைந்த ஜெர்மனி முழுவதிலும் ஒன்பதாயிரம் அளவிலேயே உள்ளன. ஒரே தொழிலாளி பல கிளைகளை நடத்துவது இக்குறைவுக்கு ஒரு காரணம். பெரிய அங்காடிகளில் தொழிற்சாலை மாவைச் சூடாக்கிச் சுட்டு மலிவாக விற்பது இன்னொரு காரணம். மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறியது மற்றொன்று. எல்லாவற்றிலும் பெரியது, நள்ளிரவில் எழுந்து மாவு பிசைய இளைஞர் முன்வராமை. நல்ல வியாபாரம் உள்ள கடைகள்கூட, முதியவர் ஓய்வு பெறும் நாளில் வாரிசு இன்றிப் பூட்டப்படுகின்றன.

கூட்டுறவு மாவை மலிவாக வாங்கித் தரும். கடனைக் குறைந்த வட்டிக்குத் தரும். சரக்கின் பெயரைக் காக்கும். ஆனால் மகனையும் மகளையும் அத்தொழிலில் நிறுத்தி வைக்க அதனால் இயலாது. தொழிலில் மிச்சமும் மதிப்பும் இருந்தால்தான் அவர்கள் நிற்பார்கள். தறிக் குழிகள் மூடப்பட்டுவரும் தெருக்களில் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும் என்று நாம் விரும்புகிறோம். முதலாவது, சங்கம் மொத்தமாக வாங்கிய நூலும் உரமும் வெளிச் சந்தை விலையைவிட எவ்வளவு குறைவாகக் கிடைத்தன என்பது. குறையவில்லையெனில் காரணம் என்ன? வெளியிலே கடன் கிடைக்கிறது என்பதற்காகச் சங்கத்தை விட்டு அங்கே வாங்கியவர்கள் எத்தனை பேர்? அங்கத்தினர் வாங்காத சங்கத்துக்கு மொத்தக் கொள்முதல் ஏது? இரண்டாவது, நம் சரக்கின் அளவும் தரமும் வாங்குகிறவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருக்கின்றனவா என்பது. மூன்றாவது, சென்ற ஐந்தாண்டுகளில் முப்பது வயதுக்கு உட்பட்டவர் எத்தனை பேர் புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தனர் என்பது.

முதல் இரண்டு கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்கிற சங்கத்தில் மூன்றாவதற்கும் நல்ல பதில் கிடைக்க இடமுண்டு. வரவு செலவு அறிக்கையைப் படித்து முடித்ததும் காரியதரிசியிடம் இந்த எண்களைக் கேட்டு, மினிட் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். மறு ஆண்டு அதே கூட்டத்தில் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.